தினமும் பேக்கப் பண்ணியவர்

என் அக்கா கணவருக்குக் கடைத்தெருவில் இரண்டு பெயர். யூனிஃபார்ம்காரர் என்பது தொழிலால் வந்தது. டிப்ஸ்காரர் என்பது அவராகவே தேடிக்கொண்டது. யூனிஃபார்ம் அளவெடுத்து, வெட்டி, தைப்பதெல்லாம் அக்கா. கூடமாட நான், ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷினும் பட்டன் துளை போடும் காஜா மெஷினும் என் பொறுப்பு. அத்தான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வார். பார்த்துக்கொள்வார் என்றால் நிஜமாகவே பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.

கடை ஒரு நீளமான அறை. வெளிச்சம் நன்றாக விழும் ஜன்னலோரத்தைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துவிட்டு, ஊசியில் நூல் கோர்க்க வேண்டிய நாங்கள் இரண்டு பேரும் பின்னால் ட்யூப்லைட்டுக்குக் கீழே கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். 'ஸ்கிரீன் மேல் வெயில் விழும்படி கம்ப்யூட்டரை வைக்காதீர்கள்' என்று அவரே ஒரு டிப்ஸ் எழுதியிருக்கிறார். அதை நான் படித்துக் காட்டியபோது, "அது மத்தவங்களுக்கு" என்றார்.

மத்தவங்க என்பது வியாபாரிகள் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் எழுபத்திரண்டு கடைக்காரர்கள். ஆறு வருடமாகத் தினம் காலை ஒன்பது மணிக்கு 'சிறு வியாபாரிகளுக்கான கம்ப்யூட்டர் டிப்ஸ்' என்று நம்பர் போட்டு அனுப்புவார். அனுப்பிவிட்டுக் கட்டைவிரல் எண்ணுவார். நாற்பது விரலுக்கு மேல் வந்தால் அன்றைக்கு மதியம் சாப்பாடு இன்னொரு தரம் போட்டுக்கொள்வார். குறைந்தால் நெட்வொர்க் சரியில்லை என்பார்.

எல்லாமே தப்பான டிப்ஸ் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். சங்கத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை டை கட்டிய ஒருவர் வந்து இலவச வகுப்பு எடுப்பார்; அத்தான் முதல் வரிசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டு வருவார். விஷயம் சரியாகத்தான் இருக்கும். அது இவர் கைக்கு வந்த பிறகுதான் கோணிக்கொள்ளும். முன்பின் தெரியாதவர்களிடமிருந்து வரும் மெயிலைத் திறக்காதீர்கள் என்றார்கள். ஒரு பள்ளிக்கூடம் முதல் தடவையாக ஆர்டர் கேட்டு அனுப்பிய மெயிலை மூன்று வாரம் திறக்காமல் காப்பாற்றினார். யாரும் ஊகிக்க முடியாத பாஸ்வேர்டு வையுங்கள் என்றார்கள். பத்தொன்பது எழுத்தில் ஒன்று வைத்தார். அவருக்கே நினைவில் நிற்காததால், சுவர்க் காலண்டரில் 'பாஸ்வேர்டு, யாரிடமும் சொல்லக் கூடாது' என்று தலைப்புப் போட்டு எழுதி மாட்டினார். மாதம் முடிந்ததும் தாளைக் கிழித்துப் போட்டவரும் அவர்தான். இரண்டு கட்டப் பாதுகாப்பு வேண்டும் என்றார்கள். அதற்கான ஆறு இலக்க ரகசிய நம்பர் அக்காவின் போனுக்கு வரும். அவள் யாருக்காவது தோளளவு எடுத்துக்கொண்டே அங்கிருந்து கத்துவாள். எதிர்க்கடைச் செருப்புக்காரர் எட்டிப் பார்த்து, "கடைசி நம்பர் நாலா, ஆறா?" என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வார்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டு சகித்தோம். ஆயிரத்து நானூற்றுப் பதினாலாம் டிப்ஸ்தான் எங்களைக் கவிழ்த்தது. அந்த வகுப்புக்கு நானும் போயிருந்தேன். டைக்காரருக்கு பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம்.

"தினமும் கடை சாத்தறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் ஒதுக்குங்க. பேக்கப் பண்ணுங்க. அதோட நிக்காம, ஒரு காப்பியை எப்பவும் வெளியில வைங்க. எல்லாத்தையும் உள்ளயே வெச்சா, ஒருநாள் மொத்தமா போயிடும். அப்புறம் தலையில கைய வெச்சு உட்கார வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நான் அப்போது கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தேன். அதை ஒப்புக்கொள்கிறேன்.

அத்தான் கடைக்கு வந்ததும் அக்காவிடம் விளக்கினார். "ஷூட்டிங் முடிஞ்சா பேக்கப்னு சொல்லுவாங்கல்ல, அதேதான். வேலை முடிஞ்சதும் கம்ப்யூட்டரை நல்லா மூடிக் கட்டி வெச்சிடணும். தூசிதான் எமன். அப்புறம், காப்பி பக்கத்துலயே வரக் கூடாது. கீபோர்டுல கொட்டினா எல்லாம் போச்சு."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அக்கா மிச்சம் கிடந்த கனத்த சாம்பல் துணியில் நாலு பக்கமும் நாடா வைத்து ஒரு உறை தைத்தாள். காப்பி ஃபிளாஸ்க் வாசலுக்கு வெளியே ஒரு ஸ்டூலில் குடியேறியது. அன்றிலிருந்து மழையானாலும் வெயிலானாலும் நாங்கள் தெருவில் நின்றுதான் காப்பி குடித்தோம். மறுநாள் டிப்ஸ் போனது. ஐம்பத்தெட்டு கட்டைவிரல், அதுதான் அவர் வாழ்நாள் சாதனை. நாற்பத்திமூன்று கடைக்காரர்கள் தங்களுக்கும் உறை வேண்டும் என்று கேட்டார்கள். ஓரமெல்லாம் என் கையால்தான் அடித்தேன்.

இரண்டு வருடம் ஒரு நாள் தவறாமல் பேக்கப் நடந்தது. கம்ப்யூட்டரை அணைக்கப் போனால் சில நாள் 'அப்டேட் ஆகிறது, அணைக்க வேண்டாம்' என்று வரும். அத்தான் சொன்ன பேச்சைக் கேட்பவர். அணைக்க மாட்டார். அப்படியே மூடி, நாடாவை இறுக்கிக் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார்.

அப்போதுதான் நர்ஸ்களின் ஆர்டர் வந்தது. பெரிய மருத்துவமனை, முந்நூற்றுப் பதினெட்டு நர்ஸ்கள். அதுவரை ஒரு பெரிய கம்பெனி மூன்றே சைஸில் தைத்துக் கொட்டிக்கொண்டிருந்தது. கையைத் தூக்கிக் குளுக்கோஸ் பாட்டில் மாட்டினால் சட்டை இடுப்புக்கு மேலே ஏறும்; குனிந்தால் தோளில் பிடிக்கும். தலைமை நர்ஸ் வெறுத்துப் போய் எங்கள் கடைக்கே வந்தார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அளவெடுத்துத் தைக்க வேண்டும், அடுத்த மாதம் ஒன்றாம் தேதி புதுக் கட்டடம் திறக்கும்போது எல்லோரும் போட்டிருக்க வேண்டும், சரியாக வந்தால் இனி வருடாவருடம் நீங்கள்தான் என்றார்.

அன்றைக்கு அக்கா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "பதினேழு வருஷமா ஸ்கூல் பசங்களுக்கு வளர்ற அளவு விட்டு விட்டே தெச்சாச்சு. ஒருதரமாவது உடம்புக்குச் சரியா இருக்கற மாதிரி தெக்கணும்டி" என்றாள். அவள் எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. இதற்கு ஆசைப்பட்டாள்.

மருத்துவமனையில் துணி அடுக்கும் அறையில் ஆறு நாள், மூன்று ஷிஃப்டுக்கும் போய் அளவெடுத்தாள். டேப் அளவு மட்டுமில்லை. இவளுக்கு இடது தோள் இறக்கம், இவள் ஆறு மாசம், இவளுக்கு வலது பாக்கெட்டில் கத்தரிக்கோல் நிற்க வேண்டும் என்று ஒரு கனத்த நோட்டு முழுக்க எழுதிக்கொண்டு வந்தாள். அத்தான் அதை ஒன்பது நாளில், இரண்டு விரலால், கம்ப்யூட்டரில் ஏற்றினார். பிறகு தன்னுடைய இன்னொரு டிப்ஸை நிறைவேற்றினார்: வாடிக்கையாளர் விவரம் உள்ள காகிதத்தை அழித்துவிட வேண்டும். எங்கள் வெட்டுக் கத்தரியாலேயே நோட்டை விரலகலப் பட்டைகளாக நறுக்கி, தன் நாற்காலி மெத்தைக்குள் திணித்துக்கொண்டார்.

நாற்பது பேருக்கு வெட்டி முடித்திருந்தோம். ஒரு திங்கட்கிழமை காலை அத்தான் உறையை அவிழ்த்து பட்டனை அமுக்கினார். ஒன்றும் வரவில்லை. மறுபடி அமுக்கினார். பின்னால் இருக்கும் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் செருகினார். மணி பத்தரை ஆனபோது அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

ரிப்பேர் கடைக்காரப் பெண் வந்தாள். சின்னப் பெண்தான்; வளவளவென்று பேச மாட்டாள். பெட்டியைக் கழற்றி, மூக்கை வைத்து முகர்ந்து பார்த்து, டிஸ்கைத் தன் லேப்டாப்பில் மாட்டிச் சோதித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"டிஸ்க் போயிடுச்சு. உள்ள இருக்கறத எடுக்க முடியாது. பேக்கப் இருக்கில்ல?"

அத்தான் முகத்தில் உயிர் வந்தது. "இல்லாமலா. ரெண்டு வருஷமா ஒரு நாள் தவறினதில்ல."

"அப்ப கவலை இல்ல. எங்க இருக்கு?"

"இதோ" என்று ஆணியில் தொங்கிய உறையைக் காட்டினார்.

அவள் உறையைப் பார்த்தாள். அதற்குப் பின்னால் ஏதாவது இருக்கிறதா என்று நகர்த்தியும் பார்த்தாள். "இல்ல சார், காப்பி. காப்பி ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

"காப்பியா? அது எப்பவும் வெளியிலதான்."

"நல்ல வேளை. வெளியிலன்னா எங்க, வீட்லயா?"

அத்தான் அவளைக் கூட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார். ஸ்டூலில் ஃபிளாஸ்க் இருந்தது. "சர்க்கரை தனியா இருக்கு" என்றார்.

அவள் சிரிக்கவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்து, பேக்கப் என்றால் என்ன, எந்தக் காப்பியை வெளியில் வைக்கச் சொன்னார்கள் என்று பொறுமையாகச் சொன்னாள். கம்ப்யூட்டரில் இருப்பதை அப்படியே இன்னொரு பிரதி எடுத்து வைப்பதுதான் பேக்கப். ஒரு பிரதி கடையில், ஒன்று பென் டிரைவில் வீட்டில், ஒன்று இன்டர்நெட்டில். கடைசியில் உறையைத் தொட்டுக் காட்டி, "ஓடிட்டு இருக்கும்போதே இத போட்டுக் கட்டியிருக்கீங்க. காத்து போக வழியில்லாம சூட்டுலயே வெந்திருக்கு சார்" என்றாள். அத்தானின் பேக்கப்பே கம்ப்யூட்டரைக் கொன்றிருந்தது.

அக்கா நாற்காலி மெத்தையைப் பிரித்தாள். பட்டைகளைக் கட்டிங் மேசையில் கொட்டி ஒட்ட வைத்துப் பார்த்தாள். ஒன்றில் முப்பத்தெட்டு என்று இருக்கும். மார்பா, இடுப்பா, யாருடையது என்று அது சொல்லாது. 'இடது தோள் இறக்கம்' என்று ஒரு பட்டை முழுசாகக் கிடைத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அழுதபோது, எனக்கு அத்தானைக் கத்தரியாலேயே குத்தலாம் போலிருந்தது.

திரும்ப அளவெடுப்பதைத் தவிர வழியில்லை. மூன்று பேருமாக மருத்துவமனைக்குப் போனோம். தலைமை நர்ஸ் நின்றுகொண்டே கேட்டார். "டியூட்டி நேரத்துல இன்னொரு தரம் ஆளை அனுப்பணும்னா நிர்வாகத்துக்குக் காரணம் காட்டணும். எழுத்துல குடுங்க."

அத்தான் தயாராக வந்திருந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். 'தவிர்க்க இயலாத தொழில்நுட்பக் காரணங்களால்' என்று ஆரம்பித்தது. தலைமை நர்ஸ் அந்த ஒரு வரியோடு நிறுத்திவிட்டு, மேஜை இழுப்பறையிலிருந்து பெரிய கம்பெனியின் கடிதம் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதே வரி.

"போன வருஷம் எல்லாருக்கும் மூணே சைஸ்ல அனுப்பிட்டு இதத்தான் எழுதினாங்க. தவிர்க்க முடியாதுன்னா திரும்பவும் நடக்கும்னுதானே அர்த்தம்? அதுக்கு நான் அவங்ககிட்டயே இருந்துட்டுப் போறேன். வார்டு ரவுண்டு முடிச்சு அரை மணி நேரத்துல வருவேன். என்ன நடந்துச்சுன்னு எழுதறதா இருந்தா எழுதுங்க."

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். அத்தான் வெள்ளைத்தாளை மடியில் வைத்துக்கொண்டு, "வைரஸ்னு போடட்டுமா?" என்றார்.

"என்னங்க, நெஜத்த எழுதுங்க" என்றாள் அக்கா.

"ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். மொதல்ல துணிய தெச்சுக் குடுத்துடறேன், அப்புறம் நானும் சேந்து சிரிக்கறேன்."

"நீயே எழுதேன்."

"பண்ணது நீங்க" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டாள்.

இரண்டாயிரம் டிப்ஸ் எழுதிய கை அந்தத் தாளில் ஒரு வரி எழுதப் பத்து நிமிடம் எடுத்தது. நான் எட்டிப் பார்த்தேன். எழுதியிருந்தது இதுதான்:

'தினமும் பேக்கப் பண்ண வேண்டும் என்று வகுப்பில் சொன்னார்கள். பேக்கப் என்றால் வேலை முடிந்து மூடி வைப்பது என்று நினைத்து, இரண்டு வருடம் கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடினேன். ஒரு காப்பியை வெளியில் வைக்கச் சொன்னார்கள். குடிக்கிற காப்பியை வெளியில் வைத்தேன். அளவு நோட்டையும் நான்தான் நறுக்கினேன். அளவெடுத்தவர் மேல் ஒரு தவறும் இல்லை. இன்னொரு முறை அனுமதித்தால் நோட்டைத் தொட மாட்டேன்.'

தலைமை நர்ஸ் படித்தார். திரும்பி நின்று அலமாரியில் ஏதோ தேடுவதுபோல் கொஞ்ச நேரம் நின்றார். தோள் குலுங்கியது. பிறகு திரும்பி, "மூணு நாள் தரேன்" என்றார்.

மூன்று நாளும் அத்தான் கூடவே இருந்தார். அக்கா சொல்லச் சொல்ல எழுதினார். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் போனில் படம் எடுத்து எனக்கு ஒன்று, ரிப்பேர் பெண்ணுக்கு ஒன்று அனுப்பினார். "அனுப்பிட்டா மட்டும் போதாது சார், ஒருதரம் திறந்து பாருங்க, எழுத்து தெரியுதான்னு" என்று அவள் சொன்னதும் அதையும் செய்தார். பிறகு நாங்கள் எப்படித் தைத்தோம் என்று கேட்காதீர்கள். முப்பதாம் தேதி கடைசி மூட்டை போனது. ஒன்றாம் தேதி காலை அக்கா மருத்துவமனை வாசலில் நின்று நர்ஸ்களைப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்: "கையத் தூக்கறாங்கடி. ஒருத்திக்கும் சட்டை ஏறல."

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். ஆனால் தலைமை நர்ஸ் அந்தக் கடிதத்தை ஆபீஸ் ஃபைலில் போட்டிருக்கிறார். ஆபீசில் யாரோ ரசிகர் இருந்திருக்கிறார். பெயரும் கையெழுத்தும் தெரியாமல் நடுப்பகுதியை மட்டும் படம் எடுத்து யாருக்கோ அனுப்ப, அது போன் போனாகச் சுற்றி, ஒருநாள் காலை பதினொரு மணிக்கு வியாபாரிகள் சங்கக் குழுவுக்கே வந்து சேர்ந்தது.

அத்தான் டிப்ஸ் அனுப்பி அப்போது இருபத்தாறு நாள் ஆகியிருந்தது. இன்னைக்கு ஏன் டிப்ஸ் வரலைன்னு ஒருவர்கூடக் கேட்டிருக்கவில்லை. இந்தப் படத்துக்கு மட்டும் சிரிப்பு பொம்மைகள் கொட்டின. ஹார்டுவேர் கடைக்காரர், 'யாருப்பா இந்த மகான்' என்று கேட்டிருந்தார். மருந்துக்கடைக்காரர், 'சர்க்கரை போட்டாரா இல்லையா' என்று எழுதியிருந்தார்.

அத்தான் போனைக் கட்டிங் மேசையில் கவிழ்த்து வைத்தார். "பேரு இல்லல்ல, விட்டுடுங்க அத்தான். ரெண்டு நாள்ல மறந்துடுவாங்க" என்றேன். அவரைத் திட்டியே பழக்கப்பட்ட எனக்கு அன்றைக்கு அவரைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. ஹார்டுவேர் கடைக்காரர். ஸ்பீக்கரில் அவர் குரல் இறங்கிப் போயிருந்தது. "அண்ணே, சும்மா ஒரு சந்தேகம். அந்த ஆள் பண்ணது வேற, நாம உறை போட்டு மூடறது வேறதானே?" அத்தான் பதில் சொல்வதற்குள் மருந்துக்கடைக்காரர் அழைப்பு குறுக்கே வந்தது. அவருக்கும் சும்மா ஒரு சந்தேகம்தான். அவர் கடையில் எட்டு வருடக் கணக்கில் யார் யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்கிற பட்டியல் இருக்கிறது. அத்தான் இருவரிடமும், "அஞ்சு நிமிஷத்துல சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

பிறகு போனோடு ஜன்னலோரம் உட்கார்ந்து இரண்டு விரலால் குழுவில் அடித்தார். நம்பர் போடவில்லை.

'அந்த ஆள் நான்தான். அந்த டிப்ஸ் தப்பு. என்னை நம்பி மூடி வைத்த எல்லோரும் மன்னிக்கவும். உறை போட்டால் எதுவும் மிஞ்சாது, இன்றைக்கே பிரதி எடுங்கள். எப்படி என்று எனக்கும் முழுசாகத் தெரியாது. ரிப்பேர் கடைப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு கடை கடையாக வருகிறேன், சேர்ந்து பார்க்கலாம்.'

அனுப்பிவிட்டு எழுந்து நின்றார். முதலில் பேக்கரிக்காரர் எழுதினார்: 'என்கிட்டயும் இல்ல.' அடுத்தது ஹார்டுவேர். 'எங்கிட்டயும்.' மருந்துக்கடை, சைக்கிள் கடை, கண்ணாடிக் கடை என்று ஒன்றன் கீழ் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. காஜா மெஷினைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"எத்தனை பேரு?" என்று அக்கா குண்டூசியை வாயில் கவ்வியபடியே கேட்டாள்.

"முப்பத்தொண்ணு. இன்னும் வருது." அத்தான் செருப்பைப் போட்டுக்கொண்டே நின்று திரும்பிப் பார்த்தார். "ஆறு வருஷமா எல்லாம் தெரியும்னு சொன்னேன். ஒருத்தன் கூப்பிட்டதில்ல."

அக்கா குண்டூசியை எடுத்துத் துணியில் குத்தினாள். "மருந்துக்கடைக்கு மொதல்ல போங்க" என்றாள்.